மூணு, கரெக்டு

— தாப்பாள எடு மாமா. பத்தேகாலு பஸ்ஸு போயிடும்.

— எய்தின மூணு பக்கம் கதவு சந்துல வெளிய வரட்டும். அப்பால எடுக்கறேன்.

— இன்னிக்கி ஒரு நாளு வுட்டுடு. எங்க அண்ணன் பொண்ணு திவ்யாவுக்கு மஞ்சத்தண்ணி. அத்தக்காரி நான் இல்லாம யாரு மொதத் தண்ணி ஊத்துவாங்க?

— சாலவாக்கத்துல பொம்பளைங்களுக்கா பஞ்சம்? அன்னிக்கி இன்னா சொன்ன பிரபா? 'நெல்லு ரூமுல வெச்சி தாப்பா போடு, மூணு பக்கம் எய்தற வரிக்கும் கெஞ்சினாலும் தொறக்காத'ன்னியா இல்லியா? கட்டின பொண்டாட்டி கேக்கறாளேன்னு போட்டேன். நானா கேட்டேன்?

— கேட்டேன் தான். லைப்ரரி கதப் போட்டிக்கு எய்த ஒக்காந்தா டிவி, செல்லு, மாடு, அடுப்புன்னு ஒரு வரி நிக்கல. அதான் கேட்டேன். நாப்பத்திமூணு நாளு ஆயிடுச்சி மாமா. மொதல்ல 'மழ பேஞ்சிது, மாடு கத்திச்சி'ன்னு ரொப்பிக்கினு இருந்தேன். இப்ப ஒரு வரிய நாலு தபா அடிச்சி எய்தறேன். கை தன்னால ஓடுது. இனிமே தாப்பா எதுக்கு?

— ஓடுதில்ல? அப்ப எய்து. ஒரு நாளு வுட்டா எல்லாம் போச்சின்னு நீயே தான சொன்ன.

— சாய்ந்தரம் வந்து ஆறா எய்தித் தரேன். சத்தியமா.

— ஊஹும்.

— நெஜத்த சொல்லு. மதகாண்ட தண்ணிக்கு எங்க அண்ணன் கூட உனுக்கு சண்ட. அந்த வூட்டு வாசல நான் மிதிக்கக் கூடாது. அதுக்கு என் மூணு பக்கம் உனுக்கு ஒரு சாக்கு. அதான?

— உங்கண்ணன் ஏகாம்பரம் பேச்ச எடுக்காத, சொல்லிட்டேன். நாலு பேரு எதுர்ல எம்மேல மண்வெட்டிய ஓங்கினவன் அவன். எனுக்கு மானம் இல்லியா? நீ பக்கத்த குடு.

— தெனம் தள்றனே, அதுல ஒண்ணாவது படிச்சி கீறியா?

— எண்றேன் இல்ல? ரெண்டரப் பக்கம் குடுத்து ஏமாத்தின அன்னிக்கி கண்டுபுடிச்சனா? பெரிய பெரிய எய்த்தா போட்டு ரொப்பினதையும் புடிச்சேன். படிக்கறதுக்கு போட்டி வெக்கற லைப்ரரிகாரங்க கீறாங்க. என் வேல காவலு.

— ஒரே ஒரு பக்கம் படி மாமா. மேச மேல பேப்பர் கட்டு கீது பாரு, அதுல ஆடிப்பெருக்குன்னு தேதி போட்டு கீறது. சத்தமா படி. அப்பறம் தொறக்க சொல்லிக் கேக்கவே மாட்டேன்.

— பேஜாரு புடிச்சவ. இரு, தேடறேன்... ஆங், இந்தா. 'இன்று கதவில் சாய்ந்து உட்கார்ந்ததும் அது அசைந்தது. தாழ்ப்பாள் ஆணி கழன்றிருக்கிறது. ஒரு தள்ளு போதும், வெளியே போய்விடலாம். தள்ளவில்லை. ஒரு நாளாவது அவராக வந்து, எழுதியது போதும், வெளியே வா என்று கூப்பிடமாட்டாரா என்று ஆசையாக இருக்கிறது. கூப்பிடும்வரை பூட்டியிருப்பதுபோலவே இருக்கப்போகிறேன்.' ... பிரபா? இன்னா இது? கத தான?

— அன்னிக்கும் எண்ணிட்டு, 'மூணு, கரெக்டு'ன்னு சொன்ன மாமா. கதவாண்டேர்ந்து நகரு, நான் தள்ளப் போறேன்.