தண்ணீர் இதமாக இருந்தது

பெருமதிப்பிற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, மேடையில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மேடையில் இடம் கிடைக்காமல் என்மீது வருத்தத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஏலக்காய் வியாபாரிகளே, குரங்கணியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே! உங்கள் அனைவர்மீதும் சாந்தி நிலவட்டும்.

நான் அப்துல் அஜீஸ், பள்ளிவாசல் செயலாளர். போடியில் நம்மவர் ஒருவர் இறந்தால் ஒலிபெருக்கியில் அறிவிப்பவன். அந்த மையத்தை, அதாவது உயிர் போன உடலை, குளிப்பாட்டுகிறவர் அண்ணன் ராஜா முகம்மது அவர்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது. நான் ஊருக்கெல்லாம் சொல்வேன். அவர் யாரிடமும் எதையும் சொல்லமாட்டார்.

எதைச் சொல்லமாட்டார்? அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

பிழைப்புக்கு அவர் ஏலக்காய் தரம் பிரித்தார். ஒரு கைப்பிடி காயை அள்ளினால் வெடித்தது எது, பூச்சி விழுந்தது எது, சாயம் ஏற்றியது எது என்று நொடியில் சொல்வார். சொல்லியதால் பல வியாபாரிகள் அவரோடு பேசுவதில்லை. அவர்களும் இன்று வந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. குறையைக் கண்டு உரக்கச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கிய அந்தக் கண்கள், பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததும் வேறு கண்களாகிவிடும். குளிப்பாட்டுகிறவன் மையத்தில் காணும் குறையை மறைத்தால் அல்லாஹ் அவனை நாற்பது முறை மன்னிப்பான் என்பது நம் நம்பிக்கை. இங்கே முன்வரிசையில் இருப்பவர்களின் தகப்பனார்கள் பலரை அவர் குளிப்பாட்டியிருக்கிறார். அந்தத் தகப்பனார்களை எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வரவில்லையே! சாதாரணச் சாதனையா இது?

நல்லதைக் கண்டால் சொல்லலாம் என்று மார்க்கம் அனுமதிக்கிறது. முகம் ஒளிவிட்டது, உதடு சிரித்தது என்று சொல்லலாம். அண்ணன் அதையும் சொல்லமாட்டார். காரணம் கேட்டேன்.

"ஒருத்தருக்குச் சொல்லிப்புட்டு அடுத்தவருக்குச் சும்மா இருந்தா, ஊரு என்னடா நெனைக்கும்? நீயே மைக்கப் போட்டுச் சொல்லிருவ."

ஆகவே திரைக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைகள், "அத்தா முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், எல்லாருக்கும் ஒரே பதில்: "தண்ணி எதமா இருந்துச்சு." எஸ்டேட் முதலாளிக்கும் அதே தண்ணீர், சுமை தூக்கியவருக்கும் அதே தண்ணீர்.

இந்த வாய்மூடலால் ஒருமுறை பெரிய பிழையே நடந்தது. அதை மறைக்க எனக்கு அனுமதியில்லை. சம்பந்தப்பட்ட சகோதரி மூன்றாவது வரிசையில் அமர்ந்துகொண்டு, "சொல்லுங்கண்ணே" என்று தலையாட்டுகிறார்.

ஓர் ஐப்பசி மழையில் போடிமெட்டு வளைவில் ஜீப்பு உருண்டது. இருவர் இறந்தார்கள். ஒருவர் துணி விற்க மலைக்குப் போன கம்பத்து ஆரிப். மற்றவர் ஏலத்தோட்டத்து மொக்கச்சாமி. இருவரையும் மூடிக் கட்டி இரண்டு வண்டிகளில் அனுப்பியபோது வண்டி மாறிவிட்டது. கம்பத்து உறவினர்கள் வந்து சேர்வதற்குள் ஆகட்டும் என்று அண்ணன் குளிப்பாட்டத் தொடங்கினார். அவர் ஆரிப்பைப் பார்த்ததில்லை. இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே துணி விலகக் கூடாது. விலகியிருந்தால் சங்கதி அங்கேயே முடிந்திருக்கும். மார்பில் மட்டும் பச்சை குத்திய வேல் ஒன்று தெரிந்தது. 'சின்ன வயசுல என்னமோ ஆசைப்பட்டிருக்கான், நமக்கென்ன' என்று அதன்மேல் துணியை இழுத்துவிட்டார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரும் பார்த்தார். அவரும் வாய் திறக்கவில்லை. அவரைப் பழக்கியவர் அண்ணன்.

கபன் துணி சுற்றி, கற்பூரமும் அத்தரும் இட்டு முடித்த வேளையில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மொக்கச்சாமியின் மனைவி சந்திரவல்லி இறங்கினார். "ஐயா, எங்க வீட்டுக்காரருக்குத் தாடி கெடையாதுங்க. அவரு இங்கிட்டு வந்திருக்காரா?"

வெள்ளைத் துணியில் கிடந்த கணவனை அவர் வெகுநேரம் பார்த்தார். அண்ணன் கைகட்டி நின்றார். "தப்பு நடந்துபோச்சு தாயி. வேலப் பாத்தேன். சொல்லாம விட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா அவரு குளிச்சிருப்பாராண்ணே? தீவாளிக்கே நாந்தான் வெரட்டணும்." பிறகு கேட்டார்: "அவரு உசுரு இப்ப எங்கண்ணே இருக்கும்?"

"இங்கதான் நிக்கும் தாயி. குளிப்பாட்டுறவன், தூக்குறவன், குழியில எறக்குறவன், எல்லாரையும் அதுக்குத் தெரியும்பாக. அதான் பேசிக்கிட்டே குளிப்பாட்டுனேன். எடது பக்கம் திருப்புறேன் தம்பி, தண்ணி எதமா இருக்கான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"எதமா இருக்குன்னாரு."

சந்திரவல்லி அப்போதுதான் அழுதார். கபனை அவிழ்க்காமல் மேலே மாலை போட்டு எடுத்துச் சென்றார். அண்ணன் மறுபடியும் தண்ணீர் காய்ச்சி, சந்திரவல்லி வண்டியில் கொண்டுவந்திருந்த ஆரிப்பைக் குளிப்பாட்டினார்.

சகோதரர்களே! இறப்புக்கும் இறுதித் தீர்ப்பு நாளுக்கும் நடுவே உயிர்கள் காத்திருக்கும் இடத்தை பர்ஸக் என்கிறோம். அது எப்படி இருக்கும் என்று ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். அண்ணன் கனவில் கண்டார். அவருக்கு அது போடிமெட்டுபோல இருந்ததாம். மஞ்சு மூட்டம். வளைவுக்கு மேல் வளைவு. ஓட்டுநர் இல்லாத ஜீப்பில் இரண்டு பேர், இருவருக்கும் வெள்ளைத் துணி, கையில் தேநீர். எந்தப் பக்கம் போகவேண்டும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தோ பச்சை ஏலக்காய் வாசம். "ஏறுங்கண்ணே" என்று நகர்ந்து இடம்விட்டார்களாம். ஏறப்போகையில் விழிப்புத் தட்டிவிட்டது என்று வருத்தப்பட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் அதே கனவு மறுபடி வந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். "அஜீஸு, என்னைய நீதான் குளிப்பாட்டணும்."

நான் கையை உருவப் பார்த்தேன். இறந்தவர்களை அறிவிப்பேனே தவிர, அருகில் போய்ப் பார்த்தவனல்ல. "வேற ஆளப் பாருங்கண்ணே. என் வாயும் சும்மா இருக்காது."

"அதுக்குத்தாண்டா உன்னையச் சொல்றேன். ஊருலயே பெரிய வாயி ஒன்னோடது. நீ மூடிட்டா இந்தச் சோலி நிக்காது."

தலையாட்டிவிட்டேன். ஆனால் எனக்கு மரணத்தைவிட அந்த வாக்குப் பயமாக இருந்தது. நேற்று முன்தினம் காலையில் அந்த வேளை வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னபின் கொட்டகைக்குள் போனேன். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரின் ஆவியும், குரங்கணியிலிருந்து இறங்கிய மஞ்சும் கலந்து, கூரை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தண்ணீரை மொண்டேன். "எடது பக்கம் திருப்புறேண்ணே" என்றேன். என் குரல் எனக்கே வேறொருவர் குரல்போலக் கேட்டது. அதன்பின் பயம் தெரியவில்லை.

பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு நாளாகப் பலர் என்னைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய் வடையோடு விசாரித்துவிட்டார்கள். வடைக்கு நன்றி.

அண்ணன் விட்ட வேலையை இனி நான் செய்வேன் என்று இந்தச் சபைமுன் உறுதி கூறுகிறேன். அறிவிப்புக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய மண்ணறையை இறைவன் விசாலமாக்கி, அதற்குச் சொர்க்கத்தின் பக்கம் ஒரு சன்னல் திறந்துவைப்பானாக.

திரையை விலக்கி வெளியே வந்தபோது அவர் மகள் ஹசீனா நின்றிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, அத்தா முகம் எப்படி இருந்துச்சு?"

என் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"தண்ணி எதமா இருந்துச்சு தாயி" என்றேன்.