துணியின் மற்றத் தலைப்பு

ஹொல்ம்லியாப் புறநகரில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலையை விட்டுவிட்டு, பையோடு நிலையத்துக்கு நடந்து ரயில் ஏறினேன். எதிரே யாழ்ப்பாணத்தார் இருவர் இருந்தார்கள். இளையவர் சொன்னது காதில் விழுந்தது.

“தலைப்பாகைத் துணியின்ரை ஒரு தலைப்பை விடியக் காலமை நான்தான் பிடிக்கிறனான், அண்ணை. ஆறு மீற்றர். சிங் மற்றப் பக்கத்தில நிண்டு இழுத்து மடிப்பான்.”

“நீ என்ன, அவனுக்கு மாப்பிள்ளைத் தோழனோ?”

“ஒரே வீட்டில இருக்கிறம். ஆள் சீக்கியன். குளிச்சுக் கும்பிட்டிட்டுத்தான் கட்டுவான்.”

“நல்ல வேலைக்காரன் எண்டுதான் நானும் எடுத்தனான். ஹெல்மெட் இல்லாமல் கட்டட வேலைக்கை விடேலாது. அதைக் கழட்டிப்போட்டு இதைப் போடு, ஆர் பாக்கப் போயினம் எண்டு கேட்டன். திரும்பி வீட்டை போயிட்டான்.”

“பாக்கவெண்டுதானே அண்ணை கட்டுறது. ஆபத்தில நிக்கிறவன் தூரத்திலயே கண்டு தன்னட்டை ஓடி வரவேணுமாம். கழட்டினால் ஒளிச்ச மாதிரியாம். மூண்டு மாசமா வேலையில்லை, எண்டாலும் அப்பிடித்தான் சொன்னவன்.”

மூத்தவர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

“சட்டம் என்ரை கையிலயோ? நாளைக்கு ஏழு மணிக்கு ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் பின்னாலை எனக்கு ஒரு ஆள் வேணும்.”

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே நான் அங்கே போய் நின்றேன். வேலை கேட்டதும் மூத்தவர் ஒரு புது ஹெல்மெட்டைத் தந்தார். அதன் முன்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் ‘சிங்’ என்று எழுதியிருந்தது. அதை உரிக்காமலே போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.