அடையாளச் சொல்

எங்கள் வீட்டுப் படங்களை ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் போட்டுவைக்க எனக்கு மனமில்லை. ஆரம்பம் அவ்வளவுதான், சார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, வாசற்கதவை ஒட்டிய அலமாரியில் சர்வராக வைத்தேன். கரண்ட் போனாலும் ஓடுவதற்கு ஒரு பேட்டரி. கல்யாணப் படங்களெல்லாம் அதில் ஏறியபோது என் மனைவிக்கும் சந்தோஷம்தான்.

பிறகு ஒரு நாள், வெளியிலிருந்து யார் யார் அதற்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து ஓயாமல் பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெட்வொர்க் வேலையில் இருக்கும் மைத்துனனைக் கேட்டேன்.

"அது மெஷின் மாமா. எல்லார் வீட்டையும் தட்டும். அப்டேட் போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க," என்றான்.

மனைவி சிரித்தாள். "நீங்க குறட்டை விடுற வீடியோவைத் திருடவா அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று முறை தவறாகப் போட்டால் அந்த ஆளை அப்படியே முடக்கும்படி செய்தேன். பயம் போகவில்லை. வாசற்கதவின் பூட்டையும் சர்வரோடு இணைத்தேன். உள்ளேயிருந்து திறக்கவும் பாஸ்வேர்டு வேண்டும். நாலாவது மாடி, வேறு வாசல் கிடையாது. சாவித் துவாரமும் ஓர் ஓட்டைதானே, அதையும் அடைத்தேன். இப்போது குரலைக்கூடப் போலியாகச் செய்கிறார்களாம். அதனால் போனில் சொல்வதற்கு எங்களுக்குள் ஓர் அடையாளச் சொல் வைத்து, அதை அடிக்கடி மாற்றினேன்.

"கட்டின புருஷன்கிட்டயே நான்தான்னு நிரூபிக்கணுமா?" என்று அலுத்துக்கொள்வாள். ஆனாலும் சொல்லிவிடுவாள். நல்லவள்.

அன்று காலை கதவின் பாஸ்வேர்டு, அடையாளச் சொல் இரண்டையும் மாற்றி அவளிடம் சொன்னேன். தலை துவட்டிக்கொண்டே "சரி, சரி" என்றாள். நான் ஆபீசில் இருந்தபோது போனில் எச்சரிக்கை வந்தது. உள்ளேயிருந்து மூன்று முறை தவறான பாஸ்வேர்டு, கதவு முடக்கப்பட்டது. யாரோ வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

உடனே அவள் அழைத்தாள். "ஏங்க, பேட்டரி புகையுது. கதவு திறக்க மாட்டேங்குது. அங்கேர்ந்து திறந்து விடுங்க."

"சொல்லு," என்றேன்.

"எதை?"

"இன்னைக்குச் சொன்ன வார்த்தையை."

இருமினாள். பழைய சொல்லைச் சொன்னாள். அதற்கும் முந்தைய சொல்லைச் சொன்னாள். பிறகு, "நான்தாங்க," என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். மறுபடி அழைத்தாள். அந்த எண்ணையும் முடக்கினேன்.

போலிக் குரல் என்று நம்பினீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை, சார். என் மனைவியின் இருமல் எனக்குத் தெரியாதா? கதவைத் திறக்கும் பொத்தான் போனில் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் ஒரு தடவை சொல் இல்லாமல் திறந்துவிட்டால், நாளைக்கு யார் வேண்டுமானாலும் அவள் குரலில் வந்து கேட்பார்களே.

கதவுக்குப் பின்னால்தான் கிடந்தாளாம். நான் திறக்கவில்லை, அதனால் செத்தாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தீயணைப்பு ஆட்கள் கதவை உடைத்துப் போட்டுவிட்டார்கள். வீடு திறந்தே கிடக்கிறது. யாராவது போய்ச் சாத்திவிட்டு வர முடியுமா, சார்? எனக்குப் பயமாக இருக்கிறது.