எனக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

என் தம்பிக்குக் காபியில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவான். அந்த அளவு எனக்குத்தான் தெரியும், இன்ஸ்பெக்டர் மேடம். அதனால் அவனுக்குக் காபி போடுவது எப்போதும் நான்தான்.

நான் ஒரு போன் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க யாராவது காட்டுக்கத்தல் கத்துவார்கள். நான் "புரியுது சார்" என்பேன். அங்கேதான் எனக்கு மனச்சோர்வு வந்தது. படுக்கையை விட்டு எழ முடியாது, தலை வார முடியாது. மனநல டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். வாய் வறண்டது, கை நடுங்கியது, உடம்பு ஊதி ஒரு துணியும் பொருந்தவில்லை. ஆனாலும் எழுந்து வேலைக்குப் போனேன்.

வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். "வேலை வெட்டி இல்லாதவங்களுக்குத்தான் இதெல்லாம் வரும்" என்றாள் அம்மா. தம்பியோ சொந்தக்காரர்கள் நடுவில், "அக்கா சிரிச்சா நம்பாதீங்க, மாத்திரைதான் சிரிக்குது" என்றான். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அவன் மனைவி அவனை விட்டுப் போனாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான், வீடே அவன் கட்டிலைச் சுற்றி வந்தது. "பாவம், பிள்ளை மனசு உடைஞ்சு போச்சு" என்று அம்மா சோற்றை ஊட்டிவிட்டாள். எனக்கு இல்லாத மனசு அவனுக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தது?

டாக்டரிடம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். அதனால் என் மாத்திரையைப் பொடித்து அவன் காபியில் கலந்தேன். நல்லதுக்குத்தான். "ஒருத்தருக்கு ஒத்துக்கிறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது, உங்க மாத்திரையை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் அப்படி என்ன வித்தியாசம் வந்துவிடும்?

வந்தது. அவனுக்கு வாய் வறளவில்லை, உடம்பும் ஊதவில்லை. இதிலும் தப்பித்துக்கொண்டானே என்று எரிச்சலாக இருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டிப் போட்டேன். அதன் பிறகு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தபடியே இருந்தான். ஒருநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, உடம்புக்குள்ள யாரோ ஓடுற மாதிரி இருக்கு. எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?"

"வேலை வெட்டி இல்லாம கிடந்தா அப்படித்தான் இருக்கும்."

அவன் நம்பினான். நான் என்ன சொன்னாலும் நம்புவான்.

கடைசியில் அம்மா பிடிவாதமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா? மறைக்காதீங்க. நாங்க குடுக்கிற மருந்தோட சேர்ந்தா உயிருக்கே ஆபத்து" என்று அங்கிருந்த டாக்டர் தெளிவாகத்தான் கேட்டார். பக்கத்தில் அம்மா அவனுக்காகத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். எனக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இல்லை என்றேன். அந்த மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சல் கொதித்து, உடம்பு விறைத்து, மறுநாள் போய்விட்டான்.

அவன் உடலைப் பார்த்தும் நான் அழவில்லை என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். அதற்கும் மாத்திரைதான் காரணம், மேடம். சிலருக்கு அது அழுகையை நிறுத்திவிடும், டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவள் அல்ல. அவனுக்குப் போட ஆரம்பித்த நாளிலிருந்து எல்லா மாத்திரையையும் அவனுக்கே கொடுத்தேன், எனக்கென்று ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை.