எதிர்க்கரைக் கதவு

நவம்பர் மாதம். மாலை நாலரை மணி. அதற்குள்ளேயே இங்கிலாந்தில் நார்விச் ஊருக்கு வெளியே யேர் ஆற்றோரப் பாதை கும்மிருட்டாகிவிடும். மூடுபனியோ... கத்தியால் வெட்டி ரொட்டியில் தடவலாம். அந்தப் பாதையின் கடைசி வீட்டில் ஆம்ப்ரோஸ் லார்வுட் தனியாக இருந்தார். என் சிநேகிதன் பெர்சிக்குக் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன். இதில் பாதிக்குமேல் நிஜம்.

செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, காகிதத்தில் அச்செடுக்கும் ஓவியர் அவர். மனைவி டாமரிஸ் அந்த ஆற்றில் படகு கவிழ்ந்து போய்விட்டாள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவளுக்காக அந்த ஆற்றைக் கீறினார். ஒரு சுளிப்பும் இல்லாத ஆறு. கரையில் அவர்கள் வீடு. முதல் பிரதியை அவள் மூழ்கிய இடத்திலேயே மிதக்கவிட்டார்.

"வழி மறந்திருந்தா... இதைப் பாத்து வந்துடு."

மறுநாள் இருட்டியதும்... டொக். டொக்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே வீடே கிடையாது, வெறும் நாணல் சதுப்பு.

"ஏங்க... கதவைத் திறங்க. குளிருது."

"டாமரிஸ், நான் இங்க இருக்கேன்" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். வாரம் முழுக்க.

(பின்னால் திரும்பாதீர்கள். அது பூனைதான்.)

ஓடக்காரர் ஜேபெஸ் ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் இன்னொரு பிரதியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யோவ், உன் வீட்டைத் தூக்கி அந்தக் கரையில வச்சிருக்கியே. இதை நம்பி நான் குடிச்சுட்டு நடந்தா நேரா சேத்துலதான்யா விழுவேன்."

ஆம்ப்ரோஸ் அந்தத் தகட்டை எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தார். தகட்டில் இடம் வலம் மாற்றிக் கீறினால்தான் அச்சில் சரியாக விழும். ஆயுசு முழுக்கச் செய்த தொழில். துக்கத்தில், கண்ணில் பட்டபடியே கீறித் தொலைத்திருக்கிறார்.

தூக்கமில்லாமல் புதுத் தகடு. இம்முறை மாற்றிக் கீறினார். மை காயுமுன்பே அதன் முதல் அச்சு ஆற்றில்.

அன்று சாயங்காலம் தட்டியது அவர் கதவேதான்.

திறந்தார். குப்பென்று ஆற்றுச் சேற்று வாடை. டாமரிஸ். தலைமுடி சொட்டச் சொட்ட உள்ளே வந்து, கணப்பருகே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே அவளுக்குச் சால்வையைப் போர்த்திவிட்டார்.

அப்போது... எதிர்க்கரையில்... டொக். டொக்.

"ஏங்க... கதவைத் திறங்க. குளிருது."

அதே குரல்.

ஆம்ப்ரோஸ் மெல்ல நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

அவள் நெருப்பைப் பார்த்தபடியே சொன்னாள்:

"தாழ்ப்பாளைப் போடுங்க."