இடுப்புக் கயிறு

மணி மாலை ஐந்தே கால். பாதை என்று பார்த்தால் வெறும் வானம்... கீழே கடல். சிரிக்காதீர்கள், என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது இது. பயணிகளை ஏற்றிப் போகும் வான்கப்பலில் அவர் மெக்கானிக்.

பின் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. கப்பல் காற்றடித்த பக்கம் போக ஆரம்பித்தது. வாலில் இருக்கும் அந்த எஞ்சினைப் பார்க்க, வாயுப் பைகளுக்கு நடுவே ஒரு துணிக் குழாயில் தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே திரும்ப இடமில்லை. அதனால் இடுப்பில் கயிறு. மறுமுனை, குழாய் வாசலில் நிற்கும் கூட்டாளி மொட்டையின் கையில். உள்ளே போனவன் ஒரு தரம் இழுத்தால், நலம். இரண்டு தரம் இழுத்தால், என்னை வெளியே இழு. வாசலில் நிற்பவன் பதில்தான் கொடுப்பான், தானாக இழுக்க மாட்டான்.

பாதி தூரம் போயிருப்பார்... டப்! எஞ்சினைத் தாங்கும் தண்டு முறிந்து பையைக் கிழித்தது. கப்பல் சாய்ந்தது. விளக்கு போயிற்று. பை சரிந்து முதுகில் உட்கார்ந்தது. கருகிய ரப்பர் நாற்றம். இடுப்புப் பக்கம் ஒரு கையை மட்டும் அசைக்க முடிந்தது.

அந்தக் கையால் இரண்டு தரம் இழுத்தார். கயிறு தொளதொளவென்று வந்தது. பதில் இல்லை. இதோடு கதை முடிந்தது என்று நினைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து... கயிறு இறுகியது. ஒரு இழுப்பு. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. பழக்க தோஷம், பதிலுக்கு இழுத்தார். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு தரத்துக்குப் பதில், ஆளை வெளியே இழுப்பது. 'நலம்' என்று ஒரு தரம், வாசலில் நிற்பவன் தானாக இழுக்க மாட்டானே.

மறுபடியும் இழுப்பு. இந்தத் தடவை இரண்டு.

யாரோ தன்னை வெளியே இழுக்கச் சொல்கிறார்கள்... அவரிடம். கயிற்றை விட்டுவிட்டார். கால் பக்கம் துணி சர்... சர்... என்று உரசியது.

கப்பல் கரையோரச் சேற்றில் விழுந்து தட்டையானது. துணியைக் கிழித்து, இடுப்புக் கயிற்றை அறுத்து, அவரை வெளியே எடுத்தார்கள். தலையை எண்ணிப் பார்த்தாயிற்று, ஏறினவர்கள் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். மொட்டை அவரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"சாஞ்ச உடனே கயிறு கையை விட்டு உருவிட்டுப் போயிடுச்சு மாப்ள. உன்னை இழுக்க முடியலையே என்னால."

இடுப்பில் அறுத்த முனை அப்போது அவன் கையில்தான் இருந்தது, மற்ற முனை துணிக்கு அடியில் எங்கோ. அது இரண்டு தரம் அசைந்தது.

"விட்டுடுடா," என்றார் மச்சான்.

"ரெண்டு தரம் வந்துச்சு மாப்ள," என்றான் மொட்டை. இந்தத் தடவை விடுவதாக இல்லை அவன். காலை ஊன்றி இழுத்தான். கயிறு வந்தது... கனமாக. சேற்றோடு ஒட்டிக் கிடந்த துணி, ஓர் ஆள் உயரத்துக்கு மெல்ல எழுந்தது.