கருவாட்டை மறக்கடித்த கதை

செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு நடந்து வந்ததில் செருப்பு அறுந்துவிட்டது, ஏட்டையா. அதைத் தவிர எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

ஆடிக் கூழ் அன்று, படையலுக்கு முன்பே குழம்புச் சட்டியிலிருந்து ஒரு கருவாட்டுத் துண்டு காணாமல் போயிற்று. கூழ் கிண்டிய நாகம்மாள்தான் தின்றுவிட்டாள் என்று ஊரே பேசியது. இனி அவள் கோயில் பானையைத் தொடக்கூடாது என்றார்கள். "அண்ணாத்தே, நான் துன்னல. அம்மன் மேல சத்தியம்" என்று என்னிடம் வந்து அழுதாள். பிறரைக் குறை சொல்லித் திரிகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

யோசித்தேன். அதைவிடப் பெரிய பாவம் ஒன்று நடந்துவிட்டால் கருவாட்டை யார் நினைப்பார்கள்? அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கடாவை ஓட்டிப்போய் அறுத்துத் தின்றேன். தனியாகத்தான். இன்னொருவரைப் பாவத்தில் கூட்டுச் சேர்க்க மனம் வரவில்லை. கறி கொஞ்சம் முற்றல்.

நினைத்தபடியே கருவாட்டுப் பேச்சு அடங்கியது. ஆனால் கடாவை மேய்த்த முனியனைப் பிடித்துக்கொண்டார்கள். "அத்த நான் இன்னா மடியிலயா கட்டிக்கினு கீறேன்?" என்று அவன் கத்தியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புளியமரத்தில் கட்டிவைத்தார்கள். பிள்ளைகுட்டிக்காரன், பார்க்கப் பரிதாபமாக இருந்தது. ஆகவே கடாவைவிடப் பெரியதாக ஒன்று தேவைப்பட்டது. அம்மன் சிலையையே தூக்கிக்கொண்டுபோய் ஏரி மதகோரம் தண்ணீரில் இறக்கிவைத்தேன். புழுக்கமான நாள், அவளுக்கும் குளுமையாக இருந்திருக்கும். முனியனை உடனே அவிழ்த்துவிட்டார்கள்.

இப்போது பூசாரி துலுக்கானத்தைப் பிடித்து இங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள். அவரைக் காப்பாற்ற அம்மனைவிடப் பெரியதாக ஊரில் எதைத் திருடுவது என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. உங்கள் தலைக்குமேல் மாட்டியிருக்கும் ஜார்ஜ் சக்கரவர்த்தி படத்தைத் தூக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அம்மனுக்கு முன்னால் அவர் எம்மாத்திரம்? அதனால்தான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பூசாரியை அனுப்பிவிடுங்கள், பாவம், சாப்பிட்டிருக்க மாட்டார்.

நாகம்மாள்தான் தின்றாள் என்று முதலில் யார் கிளப்பிவிட்டது என்று கேட்கிறீர்கள். நான்தான். கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அவள் உதட்டில் எண்ணெய் மினுமினுத்தது, சொல்லிவைத்தேன். அது வெறும் வாய்ப்பேச்சு, ஏட்டையா. நீங்கள் கடாவையும் அம்மனையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.